ஒரு கடிதமும் திறக்காதவர்

வாராவாரம் ரசிகர்களுக்கு மின்னஞ்சலில் கடிதம் அனுப்பும் பாடகன், யார் யார் திறந்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்துக் கடுப்பானான்.

"இந்தம்மா ரெண்டு வருஷமா ஒரு கடிதத்தைக்கூடத் திறக்கலை!"

"தூக்கிடவா?" என்றாள் மனைவி.

"தூக்கிடு."

மறுவாரம் அந்த அம்மாவே போன் செய்தார். "தம்பி, கடிதம் வரலையே?"

"நீங்கதான் திறக்கிறதே இல்லையேம்மா! திறந்தா உள்ளே இருக்கிற படம் இறங்கும், அதை வச்சுத்தான் திறந்தது எங்களுக்குத் தெரியும்."

"எனக்குக் கண் தெரியாது தம்பி. படமெல்லாம் வராம நிறுத்திட்டு, எழுத்தை மட்டும் போனைப் படிக்கவிட்டுக் கேட்பேன். ஒண்ணுகூட விட்டதில்லை."

பாடகன் அவசரமாக அவர் பெயரை மறுபடி பட்டியலில் சேர்த்தான்.

"போன மாசக் கச்சேரியில, முன்வரிசையில ஒருத்தி கண்ணை மூடித் தூங்கிட்டான்னு கேலியா எழுதியிருந்தீங்களே..." அவர் சிரித்தார். "தூங்கலை தம்பி, கேட்டுக்கிட்டு இருந்தேன்."