தலைவரின் ஓட்டு

பதினாறு வயதுப் பெண்ணின் படிப்புக்கு விலை பத்துப் பவுன். நகையே வேண்டாம், பெண்ணை மட்டும் கொடுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதில் அவள் அப்பாவுக்கு மிச்சமான பவுன் அது.

பாப்பாரப்பட்டி இளைஞர் சமூகநீதி மன்றத்தின் நிர்வாகக் குழுவில், செயலாளர் நிர்மலா அவளுடைய மனுவை வாசித்தாள். பெயரை மறைத்துத்தான் வாசிக்க வேண்டும். அது மன்றத்து விதி.

"போலீஸ் வேணாமாம். அப்பாகிட்ட பேசிக் கல்யாணத்தை நிறுத்தச் சொல்றா. போய்ப் பேசலாமாங்க?"

"சம்பளமில்லாத வேலைங்க இது. இதுல ஊர்ப்பகை வேறயா?" என்றார் உரக்கடை குரு. கலைமணியும் அவர் பக்கமே தலையாட்டினார்.

"அப்புறம் மன்றம் எதுக்குங்க? டீ குடிக்கவா?" என்று சீறினான் சோஹைல்.

இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. தலைவர் மாதவராஜின் ஓட்டுதான் பாக்கி. நிர்மலா அவர் முகத்தையே பார்த்தாள்.

"குடும்ப விஷயம்மா. விட்டுடலாம்."

மற்றவர்கள் போனபின் நிர்மலா சொன்னாள்: "முடிவை நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க. உங்க வூட்டுலதான் இருக்கா."

"வாசிக்கும்போதே தெரிஞ்சுடுச்சும்மா. பத்திரிகை அடிச்சாச்சு."

வாசிக்காமல் விட்ட கடைசி வரியை அவர் முன் நீட்டினாள். 'வீட்டில் நான் சொன்னால் அப்பா கேட்கமாட்டார். மன்றத்தில் யார் சொன்னாலும் கேட்பார்.'

அவர் எழுந்து போய்விட்டார். நிர்மலா குறிப்பேட்டில் எழுதினாள்: ஆதரவு இரண்டு, எதிர்ப்பு மூன்று.