எர்மெலிந்தா கேட்ட ரொட்டி

"கட்டில்ல இடம் குடுக்காதவளுக்கு ரொட்டி எதுக்கு?"

ஜுல்மிரா இதை எர்மெலிந்தா அத்தையின் முகத்துக்கு நேராகவே கேட்டாள். எர்மெலிந்தா அத்தைக்கு ஜுல்மிரா நாத்தனார். எங்கள் கடை முன்னால் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

எங்கள் ஊர் ஜூன் திருவிழா ரொட்டி ஆண்குறி வடிவத்தில் இருக்கும், மேலே வெள்ளையாகச் சர்க்கரைப் பாகு. சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அம்மாவோடு சேர்ந்து அதைத்தான் விற்கிறேன். கன்னியாஸ்திரிகள்கூட நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். புருஷன் வாங்கிப் பெண்டாட்டி கையில் கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். கல்யாணமானவள் தானே வந்து வாங்கினால், வீட்டில் ஆம்பளை இல்லையா என்று கேட்டுவிடுவார்கள்.

எர்மெலிந்தா அத்தை தானே வந்திருந்தாள்.

போன வருஷம் வரைக்கும் அவள் புருஷன் அடேரிட்டு மாமாதான் வருவார். இருப்பதிலேயே நீளமானதைக் கேட்டு வாங்கி, துப்பாக்கி மாதிரி தோளில் சாத்திக்கொண்டு, பாலம் தாண்டி வீடு வரைக்கும் ஊர்வலம் போவார். அத்தை கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு திட்டுவாள். திட்டிக்கொண்டே சிரிப்பாள்.

குளிர்காலத்தில் மாமாவுக்கு புராஸ்டேட் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்து வந்தார். அவர் வந்த கொஞ்ச நாளிலேயே அத்தை இறைச்சிக்கடையில் நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே, தனக்கு இதெல்லாம் வெறுத்துப் போய்விட்டது, இனி தொடக்கூடாது என்று அவரைச் சின்ன அறைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் மாமாவுக்கு மதுக்கடையில் ஆளாளுக்கு ஒயின் வாங்கிக் கொடுத்தார்கள். அத்தையைக் கோயில் தேருக்குப் பூக்கட்ட ஒருத்தியும் கூப்பிடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றாள் எங்கம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். சாவைப் பார்த்துவிட்டு வந்த மனுஷனை யாராவது தனியே படுக்க வைப்பார்களா?

"நீளமானதாக் குடும்மா. அவர்தான் வாங்கிட்டு வரச் சொன்னார்" என்றாள் அத்தை.

பொய். முகத்திலேயே தெரிந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

ஜுல்மிரா விடவில்லை. "எந் தம்பிய ஒதுக்கிட்டு இது யாருக்குடி?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அத்தை காசை எண்ணி வைத்தாள். ஜுல்மிரா அடுக்கிக்கொண்டே போனாள். தன் வீட்டு மாடியில் அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறாளாம். தம்பியின் துணிமணியை இன்றைக்கே எடுத்துப் போகிறாளாம். பாதிரியாரிடமும் பேசிவிட்டாளாம். இனி இவள் தனியாகக் கிடந்து அந்தப் பெரிய கட்டிலைக் கட்டி அழட்டும் என்றாள்.

அத்தை ரொட்டியைப் பைக்குள் திணிக்கப் பார்த்தாள்; அதன் நீளத்துக்கு உள்ளே போகவில்லை.

எதிர் மதுக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த மாமா எழுந்து வந்தார். சட்டை அவர்மேல் தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவு மெலிந்திருந்தார்.

"வாடா தம்பி" என்றாள் ஜுல்மிரா. "நீயே சொல்லு. இவ பண்ணினதுக்கு இன்னும் இவகூட ஒரே வீட்ல இருப்பியா?"

அத்தை அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். என்னை விட்டுப் போகாதே என்று கெஞ்சுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

மாமா அவள் கையிலிருந்த ரொட்டியை வாங்கி எங்கள் பலகைமேல் வைத்தார்.

"அவ ஒண்ணும் பண்ணலக்கா. ஆபரேஷனுக்கப்புறம் எனக்கு எழும்புறதில்ல. நரம்பு போச்சு. போனாலும் போகும்னு டாக்டர் முன்னாடியே சொன்னார்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மாமா மதுக்கடையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி அவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "நீங்கல்லாம் என்னைப் பாத்து சிரிக்கக் கூடாதுன்னு இவ பழியத் தன்மேல போட்டுக்கிட்டா. நானும் உங்க ஒயினைக் குடிச்சிட்டுப் பேசாம இருந்துட்டேன். இன்னைக்கு இந்த ரொட்டிய வாங்க எனக்குக் கை வரல. நான் வாங்கினதா இருக்கட்டும்னு இவ வந்து நிக்கிறா."

"அடேரிட்டு, போதும். வீட்டுக்கு வா" என்றாள் அத்தை.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தராசைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஜுல்மிராவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவளுக்குத் தோற்றுப் பழக்கமில்லை. குரலைத் தாழ்த்தி, அது உடம்புக்கு வந்தது, யார் என்ன செய்ய முடியும், ஆனால் நோயாளியைச் சின்ன அறைக்கு விரட்டினது விரட்டினதுதானே என்று கேட்டாள்.

அத்தை மாமாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகரவில்லை.

"விரட்டல. நானாத்தான் போய் உள்ள பூட்டிக்கிட்டேன். இவ தினம் வந்து கதவுகிட்ட நிக்கிறா. எனக்கு ஒண்ணும் வேணாம்டா, பக்கத்துல படுத்தா போதும், திறடான்னு சொல்றா."

தரையைப் பார்த்துக்கொண்டே முடித்தார்.

"நான்தான் திறக்கல."