பிரேக் இல்லாத மூன்று மணி நேரம்

"செருப்பு மாட்டியாச்சுல்ல சார்? அப்போ கிளம்புங்க. ஒரு மணிக்கு முன்னாடி இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது."

வந்து பத்து நிமிஷம்கூட ஆகாத அந்த அம்மாள் இப்படி வாசலைக் காட்டியதும், டிரைவிங் மாஸ்டர் மாட்டிய செருப்பை மறுபடி கழற்றப் போனார். மனைவிக்கு மறதி நோய் பார்க்கும் ஆஸ்பத்திரியின் உதவி மையத்திலிருந்து வருகிறேன் என்று காலை பத்து மணிக்கு மணியடித்தவள். ஐம்பது வயசு, நல்ல ஆகிருதி, தோளில் ஒரு பெரிய பை. இனி வியாழக்கிழமைதோறும் மூன்று மணி நேரம் மனைவியை அவள் பார்த்துக்கொள்வாளாம். மாஸ்டர் வீட்டில் இருக்கவே கூடாதாம்.

முப்பத்தொரு வருஷம் ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். தன் பக்கம் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, யாரையும் நம்பாமல் எந்நேரமும் அதன்மேல் காலை வைத்திருந்தே பழகியவர். இந்த மூன்று வருஷமாக வீட்டிலும் அப்படித்தான். சமையலுக்காவது ஆள் வைக்கிறேன் என்று மகள் எத்தனை முறை கேட்டாலும், வேண்டாம் என்று ஒரே மிதி.

அன்றும் மிதித்துப் பார்த்தார். மனைவியைப் பற்றித் தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் ஒப்பித்தார். மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்தவள். இப்போதும் வீட்டை வார்டு என்றே நினைக்கிறாள். நாடி பார்க்க வருவாள், கையை நீட்டிவிட வேண்டும். டாக்டர் எங்கே என்பாள், மேல்மாடியில் இருக்கிறார் என்று சொல்லிவிட வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்றால் முதலில் சர்க்கரை டப்பாவைத் திறக்க வேண்டும். சாயங்காலமானால், பார்வையாளர் நேரம் முடிஞ்சது, வீட்டுக்குப் போங்க என்று மாஸ்டரையே துரத்துவாள். மாடிப்படி வரைக்கும் போய்விட்டுப் புது ஆளாகத் திரும்பி வர வேண்டும்.

அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு அவர் முதுகில் கைவைத்து மெல்ல நெட்டினாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது.

மாஸ்டர் படியில் நின்றபடியே வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார். இதெல்லாம் உன் வேலைதானே என்று பாய்ந்தார்.

"சத்தியமா நான் இல்லப்பா," என்றாள் மகள். "யார் செஞ்சிருந்தாலும் அவங்களுக்குக் கோயில் கட்டலாம்."

அவர் நம்பவில்லை. அந்த அம்மாளின் நம்பருக்கு அடித்தார். அம்மா நல்லா இருக்காங்க என்று பதில் வந்தது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி அடித்தார். அதே பதில், குரலில் மட்டும் கொஞ்சம் காரம். மூன்றாம் தடவை போனையே அணைத்து வைத்துவிட்டாள்.

சரி என்று தெருவில் இறங்கினால், எந்தப் பக்கம் போவது என்று கால் முழித்தது. முடிவெட்டும் கடைக்காரர் அவரைப் பார்த்ததும், ஊரைவிட்டே போயிட்டீங்கன்னு நினைச்சேன் என்று சொல்லி, பிடரியில் காடாய் வளர்ந்து கிடந்ததை வெட்டிச் சாய்த்தார். தலை லேசானதும் நடையும் லேசானது. பக்கத்துத் தெருவில் புதிதாக எழும்பியிருந்த கடை வளாகத்துக்குள் நுழைந்து, நகரும் படிக்கட்டில் காரணமே இல்லாமல் மூன்று முறை ஏறி இறங்கினார். மேல்தளத்தில், ஒன்றோடொன்று மோதி விளையாடும் குட்டிக் கார்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மாஸ்டரும் ஒன்றில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, காலால் துழாவினார்.

"இதுல பிரேக் எங்கப்பா?"

"பிரேக் எதுக்கு சார்? இடிக்கத்தானே வந்திருக்கீங்க," என்றார் அங்கே நின்ற ஊழியர்.

முதல் சுற்று முழுக்கக் கைகாட்டி, வழிவிட்டு, ஒழுங்காகத்தான் ஓட்டினார். எட்டு வயசுச் சிறுமி ஒருத்தி பின்னால் வந்து நங்கென்று இடித்தாள். திட்டத் திரும்பினால், அவள் பழிப்புக் காட்டினாள். அந்த நிமிஷம் மாஸ்டரின் கால் முப்பத்தொரு வருஷப் பழக்கத்தை மறந்தது. ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பி அவளைத் துரத்தினார். குறுக்கே வந்த கல்லூரிப் பையன்களுக்கு ஆளுக்கு ஒன்று வைத்தார். அவரிடமே ஓட்டப் பழகிய பல் டாக்டர் ஒருவர் பிள்ளையோடு வந்திருந்தார். இடைவெளி விடணும்னு நீங்கதானே மாஸ்டர் சொல்லிக்கொடுத்தீங்க என்று அவர் கெஞ்சக் கெஞ்ச, பக்கவாட்டில் போய் ஒரு முட்டு முட்டினார். நாலு சுற்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம்தான் வீட்டு ஞாபகம் வந்தது. மணி பன்னிரண்டே முக்கால். இத்தனை நேரம் மனைவியை நினைக்கவே இல்லையே என்ற உறுத்தல் பின்னாலிருந்து தள்ள, ஓட்டமும் நடையுமாக வந்து கதவைத் தட்டினார்.

அந்த அம்மாள் வந்து தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, மறுபடி சோபாவில் போய்க் கால் நீட்டிப் படுத்துக்கொண்டாள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவள் நாடியை எண்ணத் தொடங்கினாள். நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

"இவருக்கு இன்னைக்கு முகத்துல ரத்தம் ஓடுது. தேறிடுவார்," என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணினாள்.

அந்த அம்மாள் கிளம்பும்போது மாஸ்டர் அவளிடம் அசட்டுச் சிரிப்போடு, அடுத்த வியாழனும் வருவீங்கல்ல என்று கேட்டார். என் மகள் ஏற்பாடுதானே, மறைக்காம சொல்லுங்க என்றும் கேட்டார்.

"மகளும் இல்ல, மருமகனும் இல்ல சார். போன மாசம் டாக்டர் ரூம்ல உக்காந்தபடியே தூங்கி விழுந்தீங்களே, அன்னைக்கு டாக்டர் அம்மாவோட ஃபைல்ல இருந்து இதை எடுத்து எங்க மையத்துக்குக் கொடுத்தார்," என்று பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினாள்.

தேதி மூன்று வருஷத்துக்கு முந்தையது. நோயின் பெயரை டாக்டர் முதன்முதலாகச் சொன்ன அதே நாள். 'பராமரிப்பு தேவைப்படுபவர்' என்ற இடத்தில் மனைவியின் முத்து முத்தான கையெழுத்தில், 'என் வீட்டுக்காரர்' என்று இருந்தது. அதற்குக் கீழே, வார்டில் மருந்துக் குறிப்பு எழுதும் அதே கண்டிப்போடு: 'மாட்டேன் என்பார். கேட்காமல் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தவும்.'