பெரட்டுக்களத்தில் அடக்கிய மூச்சு

அழகுமுத்து கால்களை அகட்டி ஊன்றி, மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கினான். எதிராளி நெருங்கிக்கொண்டிருந்தார். வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற இருவர் தோற்று, தலைகுனிந்து ஓரமாகப் போய்விட்டார்கள்.

சிலம்பத்தில் லிந்துலைப் பக்கம் அவனை வென்றவர் கிடையாது. ஆனால் இன்று அவன் கையில் கம்பு இல்லை. எதிராளியிடமும் ஆயுதம் இல்லை. கழுத்தில் ஒரு ரப்பர் குழாய்தான் தொங்கியது.

அவர் டாக்டர். விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், ஆண், பெண், பிள்ளைகள் என்று தேயிலைத் தோட்டத்தையே நிறுத்திக் காசநோய்க்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தார். இருமுகிறவர்கள் கீழே நின்ற லொறியில் ஏற வேண்டும்.

போன வருஷம் அப்படி ஏறிப்போனவன் சின்னத்தம்பி. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே வேலையிலிருந்து பேரை வெட்டி, அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் பெண்சாதி பிள்ளைகள் இப்போது நல்லதண்ணியில், மலைக்கு யாத்திரை போகிறவர்களிடம் கையேந்துகிறார்கள்.

அழகுமுத்துவுக்கு மழைக்காலத்திலிருந்தே இருமல். துணியில் ரத்தத்தைப் பார்த்த அன்று, "இருமுனா காம்பரா போயிடும், காளியாயி. யாருக்கும் தெரியக் கூடாது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டான்.

சிலம்பத்தில் படிந்த மூச்சுத்தான் கைகொடுத்தது. உர மூட்டையோடு மலையேறும்போதும், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா காது கூசத் திட்டும்போதும் அதைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நின்றிருக்கிறான். மூக்கு வழியே நூல் போல இழுத்து, தொப்புளுக்குக் கீழே கட்டி, பார்வையை ஓரிடத்தில் குத்தி நிறுத்தினால், நெஞ்சில் ஏறிவருகிற எதுவும் அடங்கிவிடும். கோபமானாலும் சரி, இருமலானாலும் சரி.

"பேரு?"

"அழகுமுத்துங்க."

"இருமல் இருக்கா?"

"இல்லீங்க."

டாக்டர் குழாயை அவன் நெஞ்சில் வைத்தார். "நல்லா இழுத்து விடு."

தூரத்துச் சவுக்கு மரத்தின் உச்சியில் அவன் பார்வையைக் குத்தினான். தொண்டைக்குள் எறும்பு ஊர்ந்தது. கண்ணில் நீர் முட்டியது. மூச்சு மட்டும் பிசகவில்லை.

"கொழுந்து முத்துதுங்க, டாக்டரய்யா," என்று கங்காணி பின்னாலிருந்து அவசரப்படுத்தினார்.

டாக்டர் குழாயை எடுத்தார். "ஒடம்ப இரும்பாட்டம் வச்சிருக்கியே! போ." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "யாரும் மறைக்காதீங்க. இப்ப நல்ல ஊசி வந்திருக்கு. ஆரம்பத்துலயே வந்தா கொணமாயிடும். முத்தவிட்டா என்னால ஒண்ணும் செய்ய ஏலாது."

ஆனால் எல்லோருக்கும் சின்னத்தம்பியின் காம்பராதான் கண்ணில் நின்றது.

டாக்டர் பிள்ளைகளின் வரிசைக்குப் போனார். குளிரில் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டும் நின்றார்கள். அழகுமுத்துவின் மகள் மீனம்மா மட்டும் அசையாமல், காலை ஊன்றி, எங்கேயோ உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒம் பேரென்ன பாப்பா?"

அவள் பதில் சொல்லவில்லை.

"வெக்கம் போல." டாக்டர் சிரித்து, அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் நகர்ந்தார். தன் மகள் இத்தனை அடக்கமானவளா என்று அழகுமுத்துவுக்கே பெருமையாக இருந்தது.

லொறி ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அதன் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடிய பெண்களைக் கங்காணி விரட்டினார். அழகுமுத்து மண்வெட்டி எடுக்கிற சாக்கில் காம்பராவுக்கு வந்தான். காளியாயி மகளையும் உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அவ்வளவுதான். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, குடல் வெளியே வந்துவிடுவது போல இருமித் தீர்த்தான். காளியாயி அவன் வாயில் துணியை வைத்து அழுத்தி, முதுகைத் தடவினாள்.

"தப்பிச்சோம், புள்ள," என்றான் மூச்சு வாங்க. "இனி ஒரு வருசத்துக்கு எவனும் வரமாட்டான். நம்ம காம்பரா நமக்குத்தான்."

"ஒங்க கம்பு வித்த நம்ம குடும்பத்தக் காப்பாத்திருச்சுங்க." அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

எத்தனையோ பேரைக் கம்பால் சாய்த்தபோதெல்லாம் வராத நிறைவு அவனுக்கு இப்போது வந்தது. வெறும் மூச்சைக் கொண்டு ஒரு குடும்பத்தைத் தெருவுக்குப் போகாமல் நிறுத்தியிருக்கிறான்! வெளியே, லொறியின் இரைச்சல் மலை இறங்கி ஓய்ந்துவிட்டது.

மீனம்மா அடுப்போரமாகவே நின்றுகொண்டிருந்தாள். முகம் கன்றிச் சிவந்திருந்தது. அழகுமுத்து கையை நீட்டி அவளை அருகே இழுத்தான்.

அவள் அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, திணறித் திணறிக் கேட்டாள்:

"இப்ப நானும் இருமலாமாப்பா?"