அதிர்ந்து பேசாத பெண்

"எவ்ளோ மெதுவாப் பேசுது பொண்ணு! இப்படி ஒருத்தியத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்," என்று பூரித்தார் மாப்பிள்ளையின் அம்மா மிக்கேலம்மாள்.

காரிமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். எதைக் கேட்டாலும் சில்வியா கிசுகிசுப்பாகவே பதில் சொன்னாள்.

"எங்க பக்கத்து வூட்டு மருமவ வாயத் தொறந்தா கத்தல், இல்லைன்னா அதட்டல். உங்க பொண்ணு எப்பவுமே இப்படித்தானுங்களா?"

"சின்ன வயசுலருந்தே அதிர்ந்து பேச மாட்டாளுங்க," என்றார் சில்வியாவின் அம்மா சகாயராணி அவசரமாக. இந்த வரனும் தட்டிப் போய்விடக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

மாப்பிள்ளை பிரவீன் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான். "மன்னிச்சுக்குங்க. எனக்கு இது சரிப்பட்டு வராதுங்க."

"ஏன்டா?" என்று அதட்டினார் மிக்கேலம்மாள்.

"மாவு மில்லு சத்தத்துலயே இருந்து எனக்குக் காது மந்தமாயிருச்சுங்க. அம்மா சொல்ல வேண்டாம்னாங்க. இவங்க பேசினதுல ஒரு வார்த்தகூடக் கேக்கல. காலம்பூரா எப்படிங்க?"

சகாயராணி பதறி எழுந்து, அவனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"இருங்க தம்பி! இவ பி.டி. டீச்சர். நேத்து ஸ்போர்ட்ஸ் டேல மைக்கு ரிப்பேரு. நாள்பூரா கத்தித் தொண்ட கட்டிக்கிச்சு. சரியாவட்டும், இவ கூப்பிட்டா தொப்பூர் வரைக்கும் கேக்கும்!"

பிரவீன் முகம் மலர்ந்தது. "அப்ப எனக்குச் சம்மதங்க!"

மிக்கேலம்மாள் ஏதோ முணுமுணுத்தார். அது பிரவீனுக்குக் கேட்கவில்லை.