எதிராளியின் கை

ஒரு வருடம் தோற்றுத் தோற்று, போக்கர் மேசையில் சீட்டைவிட எதிராளியின் கையைப் பார்க்கப் பழகியிருந்தான் அந்த எலக்ட்ரீஷியன்.

எதிரே இருந்தவர் பந்தய வில்லைகளை மொத்தமாக முன்னே தள்ளினார். விரல்கள் நடுங்கின.

வெறும் சீட்டை வைத்துக்கொண்டு மிரட்டுகிறாரோ? ஆனால் போன ஆட்டத்தில் நல்ல சீட்டு வந்தபோதும் இதே நடுக்கம்தான். இப்போது டீக் கோப்பையைத் தூக்கும்போதும் அது நிற்கவில்லை.

அவன் தன் சீட்டை விட்டுவிட்டு அந்த விரல்களையே பார்த்தான்.

"என்னப்பா, வர்றியா இல்லையா?" என்றார் அவர்.

"இல்ல சார்."

ஜெயிக்கிற சீட்டைக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்து, மனைவிக்குப் போன் போட்டான்.

"பாப்பாவுக்கு நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம்."

"ஏன்? கண் டாக்டருங்கள்ல அவருதான் கைராசிக்காரர்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அந்தக் கையைத்தான் இவ்வளவு நேரமா எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன்."