அக்காவுக்கு ஒரு பட்டம்

வரலாற்று ஆசிரியராக இருந்த சார்லஸ், கல்வி அதிகாரியாகப் பதவி உயர்ந்ததும் முதலில் போனது, திண்டுக்கல்லில் கல்லறைக் கல் செதுக்கும் ஒச்சப்பனிடம்தான்.

"எங்க அக்கா கல்லறைக்குக் கல் வைக்கணும்ணே. 'ஆசிரியை பிலோமினா'ன்னு வெட்டுங்க."

"எந்தப் பள்ளிக்கூடத்துல இருந்தாக?"

"வீட்டுலதான் நடத்துனாங்க. படிச்சது நான் ஒருத்தன்தான்."

"அதுக்குப்போயி ஆசிரியைன்னு போட்டா ஊர்ல சிரிப்பாகளே சார்."

"சீனாவுல ஒருத்தர் பேரரசர் ஆனதும், முன்னாடியே செத்துப்போன தன் அக்காவுக்கு இளவரசின்னு பட்டம் கொடுத்தாராம்ணே. அதைப் படிச்சதுலயிருந்து எனக்கு மனசு கேக்கல."

ஒச்சப்பன் அதற்குமேல் மறுக்கவில்லை. "சரி சார். சாகும்போது அவுகளுக்கு என்ன வயசு?"

"ஒம்பது."

ஒச்சப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"மூளைக்காய்ச்சல்ல போயிட்டா. அம்மாவோட சேலையைச் சுத்திக்கிட்டு, கதவுல கரிக்கட்டையால எழுதி, டீச்சர் விளையாட்டு விளையாடுவா. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே நான் எழுத்துக்கூட்டிப் படிச்சது அவகிட்டதான்."

சார்லஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒச்சப்பன் கல்லின் மேல் தூசியை ஊதிவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "தலைமை ஆசிரியைன்னே போட்டுருவமா சார்?"